ஒரு பனியனுக்கு ஒரு கைப்பிடி உப்பு

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் மூன்று டி-ஷர்ட் வாங்கினேன். கருப்பு ஒன்று, கருநீலம் ஒன்று, மெரூன் ஒன்று. மூன்றும் சேர்த்து 499 ரூபாய். தேவை என்று போய் வாங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு காட்டன் புடவை எடுக்கப் போன இடத்தில், பில் போடும் கவுண்டருக்குப் பக்கத்தில் மலை போலக் குவித்து வைத்திருந்தார்கள். வரிசை நகர்வதற்குள் கை போய் மூன்றை எடுத்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே எத்தனை டி-ஷர்ட் இருக்கிறது என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பும்போது கருப்பைப் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, வழியில் திருப்பூரில் அத்தை வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். அன்றைக்கு அங்கே போட்ட ஒரு கணக்கு இன்றுவரை என்னை விடவில்லை.

அத்தை 1996-லிருந்து பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் கண்ணில் பட்டால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கிற வேலை. நாள் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தையின் கண் முதலில் தோள் தையலுக்குப் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். என்னையும் அப்படித்தான் பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும், "வேற துணி மாத்திட்டு அதக் கழட்டிக் குடு அம்மணி" என்றார்.

கூடத்து விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பனியனை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினார். திருப்பூரில் எல்லா டி-ஷர்ட்டும் பனியன்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து ஒரு தரம் தேய்த்தார். "ஜிஎஸ்எம் 140 தாண்டாது." ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்கு அது. தோளைப் பிடித்து இழுத்தார். "டேப் வெக்கல பாரு. நாலு தொவைக்குத் தோள் தொங்கீரும்." பக்கத் தையலில் ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று நகத்தால் எண்ணினார். கடைசியாகக் கீழ் மடிப்பைப் பிடித்து விளக்குக்கு எதிரே தொங்கவிட்டு, "இது முறுக்கிக்கும்" என்றார். அது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். மலிவான டி-ஷர்ட்டை நாலு முறை துவைத்தால் பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் மெல்ல நகர்ந்து வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். நூலில் முறுக்கு மிச்சம் இருக்கும். துணியைச் சரியாக ஆறப்போட்டு, ஆவியும் அழுத்தமும் கொடுத்துத் துணியைச் சுருக்கும் காம்பேக்டிங் மெஷினில் ஒழுங்காக ஓட்டி எடுத்தால் அது ஓரளவு அடங்கும். நேரமில்லாமல் அவசரத்தில் வெட்டினால், அந்த முறுக்கு நம் உடம்பில் வந்துதான் அவிழும்.

"என்ன வெலைக்கு எடுத்தே?"

"மூணும் சேத்தி நானூத்தித் தொண்ணூத்தொம்பதுங்கத்தை."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணு நூத்தி அறுவத்தாறு. கடை வாடகை, லாரி வாடகை, வரி, கடைக்காரங்க லாபம் எல்லாம் போக என்ன நிக்கும்? யாரோ ஒருத்தருக்குக் கையக் கடிச்சிருக்குது அம்மணி" என்றார். அப்புறம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பருத்தி எடுத்த பெண்கள், ஜின்னிங்கில் நின்றவர்கள், ஸ்பின்னிங் மில் பிள்ளைகள், நிட்டிங் ஓட்டியவர், சாயம் போட்டவர், கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் தையல்காரர், பிளாட்லாக் தையல்காரர், லேபிள் வைத்தவர், கை மடித்துக் கொடுத்த பெண், பிசிறு வெட்டியவர், செக்கிங், அயர்ன், பேக்கிங். இரண்டு கை விரல்கள் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார். "எனக்கு ஷிப்டுக்கு 400 ரூவா. ஒரு ஷிப்டுக்கு 800 பீஸ் பாக்கோணும். நீயே வகுத்துக்க."

வகுத்தேன். 50 காசு. அந்த நாணயத்தைக் கடைசியாக எப்போது கையில் வாங்கினேன் என்று நினைவில்லை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. படித்தவர்கள் இந்த இடத்தில் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். "இனிமே இந்த மாதிரி வாங்கவே மாட்டேனுங்கத்தை." அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க எல்லாரும் வாங்காம போனா நான் எங்க போறது? கொரோனாவுல தச்சு முடிச்ச ஆர்டரையே வேண்டாமுன்னுட்டாங்க. டப்பா டப்பாவா கம்பெனிக்குள்ளயே கெடந்துது. மூணு மாசம் ஒத்தக் காசு சம்பளமில்ல." பனியனை மடித்து என் மடியில் வைத்தார். "வாங்கு. வாங்கினதப் போடு. ரெண்டு தொவைக்கு வீசறதுக்கா நாங்க கண்ணப் பூத்துப் பாத்து அனுப்பறோம்?"

துணிக் கழிவைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று எல்லோரும் எடுத்துச் சொல்லும் கணக்கையும் பல தடவை கேட்டிருக்கிறேன். அது என் மனதில் தங்கியதில்லை. 2,700 லிட்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. 50 காசைப் பார்த்திருக்கிறேன்.

## உப்பு எங்கே போகிறது

மாமா அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்தார். அத்தை அந்தக் கருப்புப் பனியனை அவரிடமும் காட்டினார். தைத்தவர் தையலைப் பார்ப்பார், சாயக்காரர் சாயத்தைப் பார்ப்பார். மாமா ஒரு ஓரத்தை நனைத்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் அழுத்தித் தேய்த்தார். துண்டில் சாம்பல் நிறக் கறை. "கடைசி வாஷ் பத்தல. தண்ணிய மிச்சம் புடிச்சிருக்கறாங்க" என்றார். மாமாவின் நகக்கண்ணில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு நிறம் இருக்கும். சின்ன வயசில் அவர் கையைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் இந்த சீசனுக்கு என்ன கலர் என்று தெரிந்துகொள்வோம்.

அவர்தான் எனக்கு உப்பின் கதையைச் சொன்னவர். பருத்தியை வெந்நீரில் சாயத்தோடு போட்டால் மட்டும் நிறம் ஏறாது. தண்ணீருக்குள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணியிடம் போகும். அப்புறம் சோடா போட்டால் ஒட்டிக்கொள்ளும். "உப்பு கல்யாணத் தரகன் மாதிரி கண்ணு. சேத்தி வெக்கிற வரைக்குந்தான் வேலை. துணியில ஒரு கல்லு உப்புகூட நிக்காது. அத்தனையும் தண்ணியோட வெளிய வந்தரும்." அடர்ந்த நிறத்துக்கு உப்பு அதிகம். கருப்போ கருநீலமோ ஏற்ற வேண்டுமென்றால் ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு போகும். ஒரு கிலோவில் ஐந்தாறு டி-ஷர்ட் வரும். ஆக நான் போட்டிருந்த ஒரு கருப்புப் பனியனுக்கு ஒரு கைப்பிடி நிறைய உப்பு. நான் எடுத்த மூன்றுமே அடர்ந்த நிறம்.

சாயத் தண்ணீரின் நிறம் ஊருக்கே தெரியும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா என்று நொய்யல் ஆறு ஓடியதைப் படம் எடுத்துப் போடாத பத்திரிகை இல்லை. நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுப் படியவைத்து எடுத்துவிடலாம். ஆரம்பத்தில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், உப்பு அப்படியே இருக்கும். எங்கள் மண்ணைக் கொன்றது கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை விட, தெரியாத அந்த உப்புதான்.

எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம், நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1990-களின் தொடக்கத்தில் அணை கட்டி முடிந்தபோது ஈரோடு, கரூர் பக்கத்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். அப்பாரு, என் தாத்தா, அதை நம்பித்தான் கூட இரண்டு ஏக்கர் வாங்கினார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற ஆறு, எப்படியும் தண்ணீர் வரும் என்பது அவர் கணக்கு. தண்ணீர் வந்தது, திருப்பூர் வழியாக. 80-களில் வெளிநாட்டு ஆர்டர் பெருகி வெள்ளை பனியன் ஊர் கலர் பனியன் ஊராக மாறியிருந்தது. அத்தனை பட்டறையின் கழிவும் அணையில் வந்து தேங்கியது. காவிரிப் படுகையில் எந்த ஊர் விவசாயியும் அணையைத் திறந்துவிடு என்றுதான் போராடுவான். திறக்காதே என்று போராடியது எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குளித்தால் தலைமுடி பிசுபிசுத்துச் சிக்காகும். மஞ்சள் போனது, வாழை போனது. உப்பைத் தாங்கும் தென்னைகூடக் காய் சிறுத்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் இருந்தது. 1996-ல் அதைப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். மாமாவுக்கு வேலை கிடைத்தது சாயப்பட்டறையில். தன் காட்டைக் கெடுத்த தண்ணீரைத் தினமும் தன் கையாலேயே திறந்துவிடும் வேலை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசாமல் இருந்ததும் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

## 2011 ஜனவரி

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்று கெடு விதித்து, அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அசுத்தம் செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, உத்தரவை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்கு மின்சாரம் துண்டானது.

நான் அப்போது கோவையில் கல்லூரி இரண்டாம் வருஷம். அப்பா போனில் சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஹாஸ்டலில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் சந்தோஷத்தோடு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அத்தை கம்பெனியில் துணி வராததால் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஓடும் ஊர் அது. மளிகைக் கடைக்காரர் கடன் சீட்டை மூடிவிட்டார். தெருவில் வடநாட்டுப் பையன்களும் மதுரை, தேனிப் பக்கத்துக் குடும்பங்களும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கொண்டுபோன சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. அப்பாரு கடைசி வரை அந்த நாளுக்காகத்தான் காத்திருந்து, பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாசம் கழித்து மாமா பள்ளிபாளையம் பக்கம் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். திருப்பூரில் மூடியதும் சாயம் போடும் வேலை ஈரோட்டுக்கும் பவானிக்கும் பள்ளிபாளையத்துக்கும் குமாரபாளையத்துக்கும் நகர்ந்திருந்தது. ராத்திரியில் மட்டும் ஓடும் பட்டறை, குழாய் நேராகக் காவிரிக்குள். நொய்யல் தப்பித்தது என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்ட அதே நாட்களில், எங்கள் வீட்டு மாமாவே அந்த உப்பைக் காவிரியில் கொட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் நிற்கவில்லை. விலை ஏறவில்லை. தேதியும் தள்ளிப்போகவில்லை. ஆற்றை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் திருப்பூரில் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக உத்தரவுப்படி சரி செய்து திறந்தார்கள். மாமா திரும்பி வந்து இப்போது அதில் ஒன்றில்தான் வேலை செய்கிறார். ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கழிவை நுண்ணுயிர் போட்டுச் செரிக்கவைத்து, ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். மிச்சமிருக்கும் உப்புக் குழம்பை நீராவியில் காய்ச்சி உப்பையும் மீட்டு எடுக்கிறார்கள். பிரிக்க முடியாமல் கலந்துபோன உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. மாமா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இது முடியும், செய்ய முடிகிற காரியம்தான் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கரண்டும் விறகும் சவ்வும் ஆட்களும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அவ்வளவுதான்.

## விலை சொல்பவர்கள்

அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று என்னோடு படித்த, ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மெர்ச்சண்டைசரிடம் கேட்டேன். வெளிநாட்டில் வாங்குபவருக்கு விலைக் கணக்கு அனுப்பும்போது நூல், நிட்டிங், சாயம், தையல் என்று ஒவ்வொரு வரியாகக் காட்ட வேண்டும். அங்கிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதானாம்: "வங்கதேசத்தில் இதை விடக் குறைவு." தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை அதில் தனி வரியாகப் போட்டால், அதைத்தான் முதலில் அடிப்பார்கள். சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று கம்பெனிச் சுவரில் போஸ்டர் ஒட்டச் சொல்பவர்களும் அவர்கள்தான். தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு ஆர்டரை அப்படி விமானத்தில் அனுப்பினால் அந்த சீசன் லாபம் முழுக்கக் காலி. அந்தப் பயம்தான் மேலிருந்து கீழே இறங்கி, அத்தைக்கு ஒன்றரை ஷிப்டாகவும் எனக்கு முறுக்கிக்கொள்ளும் பக்கத் தையலாகவும் வந்து சேர்கிறது.

வங்கதேசம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது டாக்காவுக்குப் பக்கத்து சாவர். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் விட்டது. கீழ்த் தளங்களில் ஒன்றில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேலே இருந்த தையல் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களை மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். 24-ம் தேதி காலையில் கட்டடம் உட்கார்ந்தது. 1,100-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். வங்கிக்காரர்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் தெரிந்தது ஒரே விரிசல்தான். வங்கிக்கு ஒரு நாள் மூடினால் நஷ்டமில்லை. தையல் கம்பெனிக்கு ஷிப்மென்ட் தேதி இருந்தது. அங்கே இருந்த கம்பெனிகளில் சில ஏற்கெனவே தணிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனவை. அதன் பிறகு பெரிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பொறியாளர்கள் 1,600-க்கும் அதிகமான ஆலைகளை ஆய்வு செய்யத் தொடங்கியதும்தான் கட்டடங்கள் நிஜமாகவே பழுது பார்க்கப்பட்டன.

நம் பக்கத்துக் கதையும் அதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்த ஒருத்தி ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போனாள். மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாகப் பணம், அதுவே கல்யாணச் செலவுக்கு. 'சுமங்கலி' என்று அதற்கு ஒரு மங்கலமான பெயர். இரண்டரை வருஷத்தில் மூச்சுக் கோளாறோடு திரும்பினாள். மூன்று வருஷம் முடியாததால் அந்த மொத்தப் பணம் வரவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டு, மேற்பார்வையாளர் ஒருவர் கைதானபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. அதற்காகப் பெண்கள் தலைமையேற்ற ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்பட்டன. 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள், புகாரை ஆலை கண்டுகொள்ளாவிட்டால் பிராண்ட் கேள்வி கேட்டாக வேண்டும் என்பது அதில் எழுதிய நிபந்தனை. ஆடையில் தொங்கும் பச்சை இலை அட்டையை விட இப்படிப்பட்ட ஒரு கையெழுத்தைத்தான் நான் நம்புவேன். ஒரு பிராண்டில் வாங்குவதற்கு முன் இந்த மாதிரி ஒப்பந்தம் எதிலாவது அது இருக்கிறதா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. நாம் தள்ளுபடியில் வாங்குகிற பெயரில்லாத துணிக்கோ கேட்பதற்கு ஆளே கிடையாது.

## அத்தை கேட்ட ஒன்று

'பொறுப்பாக வாங்குங்கள்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விலை கூடிய கடையைக் காட்டுகிறார்கள். 3,000 ரூபாய் ஆர்கானிக் பனியன் வாங்க என் அத்தையால் முடியாது, எனக்கே யோசனையாக இருக்கிறது. அதனால் அத்தை கேட்டதையே பிடித்துக்கொண்டேன். ஒன்றை எடுக்கும்போது இதை நான்கு வருஷம் போடுவேனா என்று கேட்டுக்கொள்கிறேன். கடையிலேயே உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். தோளில் டேப் இருக்கிறதா, விளக்கில் பிடித்தால் கை தெரிகிறதா, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா. விற்பனைப் பெண் ஒரு மாதிரி பார்ப்பாள், பரவாயில்லை. நன்றாகத் தைத்ததற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது எனக்கு இப்போது உறுத்துவதில்லை. அடர்ந்த நிறத்தைக் குறைத்துக்கொண்டேன். படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் சென்னிமலை நெசவுதான். இந்த ஒரு வருஷத்தில் புதிதாக வாங்கியது இரண்டு குர்தா.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கினால் மனம் லேசாகும் என்ற நினைப்பும் என்னிடமிருந்து போய்விட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில், யாரும் தொடாத பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேற்கு நாடுகள் 'தானம்' செய்த துணி கானாவின் கன்டாமன்டோ சந்தையில் வந்து இறங்கி, விற்காதது கடற்கரையில் ஒதுங்குகிறது. எங்கள் வீடுகளில் ஒரு பனியன் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போய், தலையணை உறையாகி, கரித்துணியாகி, கடைசியில் வண்டி துடைக்கப் போகும். அந்த வரிசையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அந்தக் கருப்புப் பனியனுக்கு அத்தை அன்றைக்கே கம்பெனி வேஸ்டிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தோளில் டேப் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். பக்கத் தையல் அவர் சொன்னபடியே முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் ஊருக்குப் போனதும் சாயம் போகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எல்லா அம்மாக்களையும் போலக் கல்லுப்பை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டு, மூன்று பனியனையும் ஊற வைத்தார். இந்தச் சாயத்துக்கு அதெல்லாம் நிற்காது என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். இருந்தாலும் நான் தடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் தண்ணீர் கருநீலமாகிவிட்டது. துணியைப் பிழிந்து எடுத்துவிட்டு, துவைத்த தண்ணீரை எப்போதும் ஊற்றுகிற வாழை மூட்டுக்கு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்த பிறகு அப்பா ஆசையாக வைத்த நாலு வாழை. திண்ணையில் இருந்த அப்பா சத்தம் போட்டுக்கொண்டே எழுந்து ஓடி வந்து வாளியைப் பிடுங்கினார். வாழையைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே ஓடும் வாய்க்காலைப் பார்த்தார், அது போய்ச் சேருகிற இடம் அவருக்குத் தெரியும். வாளியைக் கீழேயும் வைக்காமல், எங்கேயும் ஊற்றாமல், வெகு நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.